ஈ-யும் ஏ-யும் ஏன்: ப்ளூஸ், ராக் கிட்டாரில் கீ தேர்வாகும் விதம்

முன்பின் பழகாத நான்கு பேர் ஒரு மேடையில் சேர்ந்து ப்ளூஸ் வாசிப்பதென்று முடிவானால், முதலில் எழும் கேள்வி எந்தக் கீயில், அதாவது எந்தச் சுரத்தை ஆதாரமாகக் கொண்டு, என்பதுதான். கிட்டார் வைத்திருப்பவர் பெரும்பாலும் ஈ அல்லது ஏ என்பார். சாக்ஸபோன் வைத்திருப்பவர் பி ஃப்ளாட் (பி-க்கு அரைச் சுரம் கீழே) என்பார். பாடுகிறவர் இரண்டுக்கும் ஒப்பாமல் தன் குரல் நிற்கும் இடத்தைச் சொல்வார். நம் மெல்லிசைக் குழுக்களில் இதையே ‘என்ன ஸ்கேல்?’ என்று கேட்பார்கள். கச்சேரிக்காரர்கள் ‘எத்தனை கட்டை?’ என்பார்கள். மேற்சொன்ன மூவரின் பதிலிலும் ரசனைக்கு இருக்கும் பங்கு குறைவு. அவரவர் கையிலோ தொண்டையிலோ உள்ள கருவியின் உடலமைப்பே அங்கே பேசுகிறது. பன்னிரண்டு கீகள் இருக்க, ப்ளூஸும் ராக்கும் ஏன் திரும்பத் திரும்ப ஈ, ஏ, ஜி, டி என்ற சிறிய வட்டத்துக்குள்ளேயே சுற்றுகின்றன, வட்டத்தைத் தாண்டியவர்கள் எதன் பொருட்டுத் தாண்டினார்கள் என்பவற்றைக் கிட்டார்காரரின் பக்கத்திலிருந்து இங்கே பார்க்கலாம்.

கர்நாடக இசை மேடையில் வயலின் வாசிப்பவர் பாடகரின் சுருதிக்கேற்பத் தந்தியை முறுக்கிக்கொள்கிறார். பாடகர் ஒரு கட்டையில் பாடினாலும் ஐந்தரைக் கட்டையில் பாடினாலும் ஷட்ஜமமும் பஞ்சமமும் விரல் படாத தந்தியிலேயே அவருக்குக் கிடைத்துவிடுகின்றன. கிட்டாரில் வழக்கம் இதற்கு நேர்மாறானது. தடித்த ஆறாம் தந்தியிலிருந்து மெல்லிய முதல் தந்தி வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று தந்திகள் நிலையாக நிற்க, பாட்டுதான் அவற்றின் மேல் இடம் மாறிக்கொண்டிருக்கும். ஆகவே பாட்டின் ஆதார சுரம் இந்தத் தந்திகளில் ஒன்றோடு பொருந்துகிறதா இல்லையா என்பதைப் பொறுத்து வாசிப்பின் இயல்பே மாறிவிடுகிறது. விரல் வைக்காமல் மீட்டும் இத்தகைய தந்தியை வாசிப்பவர்கள் ஓப்பன் ஸ்ட்ரிங் என்கிறார்கள்; இனி இதை ஓப்பன் தந்தி என்றே குறிப்பிடுகிறேன்.

ஈ சோகமான கீ, டி கம்பீரமான கீ என்றெல்லாம் சொல்லக் கேட்டிருப்போம். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகள் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமமான அரைச் சுரங்களாகப் பிரிப்பவை. சுரங்களுக்கிடையிலான இடைவெளி எந்தக் கீயிலும் ஒன்றே. எனவே அந்தக் குணங்களை அரைச் சுரங்களின் கணக்கில் தேடிப் பயனில்லை. தந்திகளில் தேடினால் ஓரளவு விடை கிடைக்கும். ஈ சுரத்தை எந்த இடத்தில் பிடித்து மீட்டினாலும், கை படாமல் இருக்கும் மற்ற ஈ தந்தியும், ஈ-யைத் தன் மேற்சுரங்களில் ஒன்றாகக் கொண்ட ஏ தந்தியும் தாமாகவே மெல்ல அதிரும். ஈ ஃப்ளாட்டை மீட்டினால் அப்படிக் கூட அதிர ஒரு தந்தியும் இல்லை. ஒலி வறண்டு, சீக்கிரம் அடங்கிவிடும். ஒரு கீயின் மனநிலை என்று நாம் உணர்வதில் பெரும் பகுதி இந்தக் கூட அதிர்வுதான் என்பது என் எண்ணம்.

இனி ப்ளூஸுக்கு வருவோம். ஆறு ஓப்பன் தந்திகளிலும் கேட்கும் சுரங்களை ஏறுவரிசையில் எழுதினால் ஈ, ஜி, ஏ, பி, டி என்று ஐந்து கிடைக்கும். ஈ-யை ஆதாரமாகக் கொண்டு பார்த்தால் இவை, ஒன்று கூடாமல் ஒன்று குறையாமல், ப்ளூஸ் தனி வாசிப்பின் முதுகெலும்பான மைனர் பென்டடானிக் வரிசை. நம் காதுக்கு அது சுத்த தன்யாசியின் சுரங்கள். ஜி-யை ஆதாரமாகக் கொண்டால் அதே ஐந்தும் மேஜர் பென்டடானிக், அதாவது மோகனத்தின் சுரங்கள். மோகனத்தின் தைவதத்தை ஷட்ஜமமாக்கினால் சுத்த தன்யாசி வருகிறது என்ற கிரக பேதக் கணக்கே இங்கும் நடக்கிறது. (ராகம் என்பது சுரவரிசையோடு முடிந்துவிடுவதில்லை, சுரங்களை அடையாளம் காட்டுவதற்காக மட்டுமே பெயரைச் சொல்கிறேன்.) ஈ-யில் ப்ளூஸ் வாசிப்பவர் எந்த ஓப்பன் தந்தியைத் தவறித் தட்டினாலும் அது பாட்டுக்குரிய சுரமாகவே விழும். தப்புச் செய்ய இவ்வளவு பாதுகாப்பான இடம் கிட்டாரில் வேறு கிடையாது.

ஆனால் ஈ-யின் சிறப்பு பாதுகாப்போடு நிற்பதில்லை. ப்ளூஸின் உயிர் மூன்றாம் சுரத்தில் இருக்கிறது: சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே, எதிலும் முழுதாக நிற்காமல் ஊசலாடும் ஒரு காந்தாரம். ஈ-யில் அவை முறையே ஜி-யும், அதற்கு அரைச் சுரம் மேலே உள்ள ஜி ஷார்ப்பும். ஓப்பன் நிலையில் ஈ கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் தொகுப்பை) பிடித்தால் ஆள்காட்டி விரல் மூன்றாம் தந்தியின் முதல் ஃப்ரெட்டில், ஜி ஷார்ப்பின் மேல் இருக்கும். அந்த ஒரு விரலை மட்டும் தூக்கி, ஜி தந்தியை ஓப்பனாக மீட்டி, ஒலி அடங்குமுன் விரலை அதே இடத்தில் தட்டிப் போட்டால், மற்ற தந்திகள் கார்டாக ஒலித்துக்கொண்டிருக்க, காந்தாரம் மட்டும் கீழிருந்து மேலே வழுக்கும். மெம்ஃபிஸ், சிகாகோ, டெக்சஸ் என்று எந்த ஊர்ப் பாணியானாலும் ப்ளூஸ் கிட்டார் கற்பவர்கள் முதல் மாதத்திலேயே கற்கும் சைகை இது. அதே ஜி-யை முதல் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் பிடித்துக் கால் சுரம் இழுத்தால், ஃப்ரெட்டுகளுக்கு இடையே ஒளிந்திருக்கும் அந்த மூன்றாவது காந்தாரமும் கிடைத்துவிடுகிறது.

பன்னிரண்டு தாள அளவுகள் கொண்ட வழக்கமான ப்ளூஸில் மூன்று கார்டுகள்: ஆதாரம், அதன் மத்யமம், அதன் பஞ்சமம். மூன்றுமே ஏழாம் சுரமும் சேர்ந்த செவன்த் கார்டுகள். ஈ-யில் அவை ஈ, ஏ, பி. பன்னிரண்டு அளவுகளின் முடிவில், மறுசுற்றுக்கு அழைக்கும் இரண்டு அளவுகளுக்கு டர்ன்-அரவுண்ட் என்று பெயர். ஈ-யில் அதை வாசிக்கும் எளிய முறை ஒன்று: முதல் தந்தி ஓப்பன் ஈ-யாக ஒலித்தபடியே இருக்க, இரண்டாம் தந்தியில் மூன்றாம் ஃப்ரெட், இரண்டாம் ஃப்ரெட், முதல் ஃப்ரெட், ஓப்பன் என்று அரையரைச் சுரமாக இறங்குவது. டி, சி ஷார்ப், சி, பி. இறங்கி நிற்கும் பி-யே அடுத்து வரவேண்டிய பி செவன்த் கார்டின் வேர்ச் சுரம் ஆகையால், பாட்டு தானாகத் தொடக்கத்துக்குத் திரும்பிவிடும். இதையே அரைச் சுரம் தள்ளி எஃப்-இல் வாசித்துப் பாருங்கள். முதல் தந்தியை முதல் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரல் விடாமல் அழுத்தியிருக்க வேண்டும். இரண்டாம் தந்தியில் சுண்டுவிரல் நான்கிலிருந்து இறங்க வேண்டும். இடையில் ஒரு விரல்கூட ஓய்வாக இருக்காது. எழுதும் தாளில் இரண்டும் ஒன்றே. கைக்கு இரண்டும் வேறு.

நெட்டையும் குட்டையுமாகத் துள்ளி நடக்கும் ஷஃபிள் தாளத்தில் அடித்தந்திகளில் ஓடும் பூகி வாசிப்பில் கதை சற்று மாறுகிறது. ஈ-க்கு ஆறாம் தந்தியை ஓப்பனாக மீட்டியபடி ஐந்தாம் தந்தியில் இரண்டாம் ஃப்ரெட்டையும் நான்காம் ஃப்ரெட்டையும் மாறி மாறித் தொட்டால் போதும். ஏ-க்கு அதையே ஒரு தந்தி இறக்கிச் செய்யலாம். ஆனால் பி வரும்போது ஓப்பன் தந்தி கைகொடுக்காது. ஆள்காட்டி விரல் ஐந்தாம் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டிலும் சுண்டுவிரல் நான்காம் தந்தியின் ஆறாம் ஃப்ரெட்டிலும் விரிய வேண்டும். சிறிய கை உள்ளவர்கள் இங்கே திணறுவார்கள். பலர் இந்த இடத்தில் மட்டும் பூகியை விட்டுவிட்டு பி செவன்த் கார்டைப் பிடித்துச் சமாளிப்பார்கள், அதில் குறை ஒன்றும் இல்லை. ஏ-யில் இந்தச் சிக்கலே எழாது. ஏ, டி, ஈ என்ற மூன்று வேர்ச் சுரங்களும் ஐந்தாம், நான்காம், ஆறாம் தந்திகளில் ஓப்பனாகவே இருக்கின்றன. அதனால்தான் கற்பவர்களின் முதல் ஷஃபிளுக்கு ஈ-யைவிட ஏ பொருத்தம் என்று நினைக்கிறேன். இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: ஏ-யில் கிட்டாரின் மிகத் தாழ்ந்த சுரமான ஈ பஞ்சமமாகிவிடுகிறது. ஈ-யில் பாட்டு வீடு திரும்பும்போது, கருவியின் அடிமட்டமான 82 ஹெர்ட்ஸில், பேஸ் கிட்டாரின் அடிமட்டமான 41 ஹெர்ட்ஸோடு சேர்ந்து இறங்குகிறது. அந்தக் கனம் ஏ-யில் வராது.

தனி வாசிப்பில் ஏ-க்கு வேறொரு சலுகை உண்டு. மைனர் பென்டடானிக்கின் மிகப் பழகிய விரலமைப்பு ஏ-யில் ஐந்தாம் ஃப்ரெட்டில் தொடங்குகிறது. ஒரு ஸ்தாயி மேலே பதினேழில் மறுபடி வருகிறது. ஐந்தாம் ஃப்ரெட் பகுதியில் மூன்றாம் தந்தியின் ஏழாம் ஃப்ரெட்டில் உள்ள டி-யை மோதிர விரலால் ஒரு முழுச் சுரம் இழுத்து ஈ-க்கு ஏற்றும் இழுப்பு, ராக் கிட்டாரில் அதிகம் கேட்கும் ஒலிகளில் ஒன்று. தந்தியின் தொடக்கத்தில், நட் என்று சொல்லும் சிறு பாலத்துக்கு அருகே, தந்தியை இழுப்பது கடினம். நடுப்பகுதியை நோக்கிச் செல்லச் செல்ல எளிதாகும். ஈ-யில் ஓப்பன் நிலையில் இழுக்க நினைத்தால் தந்தி அடம் பிடிக்கும். நல்ல இழுப்புக்குப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்குத் தாவ வேண்டியிருக்கும். ஏ-யில் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. எஃப்-இல் இந்த விரலமைப்பு முதல் ஃப்ரெட்டில் அல்லது பதின்மூன்றில் விழுவதால், ஒன்று இழுக்க முடியாத இடம், இல்லாவிட்டால் கார்டுகளிலிருந்து வெகு தூரம்.

ஜி இவற்றுக்கு இடைப்பட்டது. மூன்றாம் ஃப்ரெட்டில் விரலமைப்பு. மத்யமமான சி-க்கும் பஞ்சமமான டி-க்கும் ஓப்பன் கார்டுகள். நம் நாட்டில் ஜி-க்கு ஒரு சிறு தொல்லை உண்டு. வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; பேஸ் கிட்டாரின் தாழ்ந்த ஜி 49 ஹெர்ட்ஸ். சிங்கிள் காயில் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும், இரைச்சலையும் வாங்கிக்கொள்ளும் உறுப்பு) உள்ள கிட்டாரை எர்த் சரியில்லாத இடத்தில் மாட்டினால், ஆம்ப்ளிஃபயரின் இரைச்சல் ஜி-யைவிடச் சற்றே கூடிய சுருதியில், பிசகிய தம்பூரா போல ரீங்கரித்துக்கொண்டிருக்கும்.

ப்ளூஸிலிருந்து ராக்குக்கு வரும்போது ஓப்பன் தந்தியின் செல்வாக்கு குறையவில்லை, கூடியது. அதற்கு இரண்டு காரணங்கள். ராக்கில் அடிக்கடி வரும் கார்டு நகர்வு, ஆதாரத்திலிருந்து ஒரு முழுச் சுரம் கீழே உள்ள கார்டுக்குப் போய், மத்யமத்தின் வழியாகத் திரும்புவது. ஈ-யில் அது ஈ, டி, ஏ. ஏ-யில் ஏ, ஜி, டி. டி-யில் டி, சி, ஜி. எல்லாமே ஓப்பன் கார்டுகள். ஏசி/டிசி குழு 1980-இல் வெளியிட்ட ‘பேக் இன் பிளாக்’ பாட்டின் தொடக்கம் ஈ, டி, ஏ என்ற இந்த மூன்றே கார்டுகள். இதை பி ஃப்ளாட்டில் வைத்தால் பி ஃப்ளாட், ஏ ஃப்ளாட், ஈ ஃப்ளாட் என்று மூன்றுக்கும் ஒரே விரலைத் தந்திகளின் குறுக்கே அழுத்திப் பார் கார்டு பிடிக்க வேண்டும். ஓப்பன் தந்திகளின் கணீர் ஒலியும், கார்டுகளுக்கு நடுவே விழும் அமைதியின் கூர்மையும் மங்கிவிடும்.

இரண்டாவது காரணம் டிஸ்டார்ஷன். ஆம்ப்ளிஃபயர் தாங்கும் அளவுக்கு மேல் கிட்டாரின் ஒலியை ஏற்றும்போது, சேர்ந்து ஒலிக்கும் இரண்டு சுரங்களின் கூட்டலும் வித்தியாசமுமான புதிய அதிர்வுகளும் பிறக்கின்றன. ஆதாரமும் பஞ்சமமும் சேர்ந்தால் வித்தியாச ஒலி ஆதாரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே விழுந்து கனம் சேர்க்கிறது. சமப் பிரிவு முறையில் பஞ்சமம் இயற்கையான பஞ்சமத்திலிருந்து விலகுவது 2 சென்ட் மட்டுமே (அரைச் சுரம் என்பது 100 சென்ட்). அந்தர காந்தாரமோ கிட்டத்தட்ட 14 சென்ட் விலகி நிற்கிறது. டிஸ்டார்ஷனில் அந்த விலகல் கரகரப்பாகப் பெருகும். ஆகவே ராக் கிட்டார்காரர்கள் காந்தாரத்தைத் தவிர்த்து ஆதாரமும் பஞ்சமமும் மட்டும் உள்ள பவர் கார்டுகளுக்குப் போனார்கள். அதோடு, வலக்கை விளிம்பால் ஆறாம் தந்தியை அமுக்கி ஓப்பன் ஈ-யைத் தட்டிக்கொண்டே, இடக்கையால் மேலே வேறு வேறு கார்டுகளைப் பிடிக்கும் பழக்கமும் வளர்ந்தது. ஹெவி மெட்டலின் பெரும்பகுதி ஈ-யில் இருப்பது இந்த ஒரு பழக்கத்தால்தான்.

ஓப்பன் தந்தி எப்படிக் கீயைத் தீர்மானிக்கிறது என்பதற்கு ஈ, ஏ வட்டத்துக்கு வெளியிலும் ஓர் அழகான சான்று இருக்கிறது. டீப் பர்ப்பிள் குழுவின் 1972-ஆம் ஆண்டு ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ ஜி மைனரில் அமைந்தது. குழுவின் கிட்டார்காரர் ரிச்சி பிளாக்மோர் அதன் புகழ்பெற்ற தொடக்க வரியை ஒற்றைச் சுரங்களாக வாசிக்கவில்லை. நான்காம், மூன்றாம் தந்திகளை இணையாகச் சேர்த்து வாசிக்கிறார். முதல் இணை ஓப்பன் டி-யும் ஓப்பன் ஜி-யும். அடுத்து இரண்டு தந்திகளிலும் மூன்றாம் ஃப்ரெட், பிறகு ஐந்தாம் ஃப்ரெட். ஓப்பனில் தொடங்குவதால்தான் ஒவ்வொரு முறையும் வரி தன் இருப்பிடத்துக்கு அவ்வளவு இலகுவாகத் திரும்புகிறது. கடைகளில் கிட்டாரைச் சோதித்துப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இதை ஆறாம் தந்தியில் பவர் கார்டுகளாக அடிக்கிறார்கள். சுரங்கள் சரி, பாட்டு வேறாகிவிடுகிறது.

இவ்வளவும் கிட்டார்காரர் தனியாகவோ, பேஸும் டிரம்ஸும் மட்டும் துணையாகவோ வாசிக்கும் வரைதான். ஊதுகுழல்கள் சேர்ந்தால் நிலைமை மாறும். டெனர் சாக்ஸபோன் பி ஃப்ளாட் கருவி. அதில் சி என்று எழுதியதை ஊதினால் பி ஃப்ளாட் ஒலிக்கும். ஆல்ட்டோ சாக்ஸபோன் ஈ ஃப்ளாட் கருவி. கிட்டார்காரர் ‘ஈ-யில் போகலாம்’ என்றால் டெனர்காரர் ஆறு ஷார்ப்புகள் கொண்ட எஃப் ஷார்ப்பிலும், ஆல்ட்டோகாரர் ஏழு ஷார்ப்புகள் கொண்ட சி ஷார்ப்பிலும் வாசிக்க வேண்டும். பி ஃப்ளாட்டுக்குப் போனால் டெனருக்கு ஷார்ப்பே இல்லாத சி. ஆல்ட்டோவுக்கு ஒரே ஷார்ப் உள்ள ஜி. இந்தக் கணக்கு எனக்குத் தெரியாத வயதில் ஒரு டெனர் கலைஞரிடம் நான் உற்சாகமாக ஈ என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை; கருவியைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்ததும் பி ஃப்ளாட்டில் ஆரம்பித்தோம்.

சக் பெரியின் பாட்டுகள் பல கிட்டாருக்குச் சிரமமான கீகளில் இருப்பதற்கு விளக்கமும் இங்கேதான் இருக்கிறது. 1958-இல் வந்த ‘ஜானி பி. கூட்’ ராக் கிட்டாரின் பால பாடம் எனலாம். அது பி ஃப்ளாட்டில் இருக்கிறது. பெரி தன் தொடக்கக் காலத்தில் சேர்ந்தது செயின்ட் லூயிஸ் நகரில் பியானோ கலைஞர் ஜானி ஜான்சன் நடத்திய குழுவில். பி ஃப்ளாட்டும் ஈ ஃப்ளாட்டும் பியானோவுக்கும் ஊதுகுழல்களுக்கும் பழகிய கீகள். இதைச் சுட்டிக்காட்டி, பெரியின் கிட்டார் வாசிப்பில் ஜான்சனின் பியானோ ஒளிந்திருப்பதாக ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் வலியுறுத்தியிருக்கிறார். ஓப்பன் தந்தி உதவாத கீயானதால் பெரியின் விரல்கள் ஆறாம் ஃப்ரெட்டைச் சுற்றி இரட்டைத் தந்தி வாசிப்பை வளர்த்துக்கொண்டன. அவை ஓப்பன் தந்தியைச் சாராதவை ஆதலால், பின்னால் வந்தவர்கள் அந்த வாசிப்பை ஏ-க்கும் ஈ-க்கும் அப்படியே நகர்த்திக்கொள்ள முடிந்தது.

மவுத் ஆர்கன் வாசிப்பவர் உடனிருந்தால் கீ தேர்வு அவருடைய பெட்டியையும் பொறுத்தது. பத்துத் துளை உள்ள டயட்டானிக் மவுத் ஆர்கன் ஒவ்வொரு கீக்கும் தனித்தனி. ப்ளூஸில் அதைப் பாட்டின் கீயில் வாசிப்பதில்லை, பாட்டின் மத்யமத்தில் சுருதி சேர்ந்ததை எடுத்து, காற்றை உள்ளிழுக்கும் சுரங்களை மையமாக வைத்து வாசிக்கிறார்கள். ஈ-க்கு ஏ கருவி, ஏ-க்கு டி, ஜி-க்கு சி. மவுத் ஆர்கன் கலைஞர் லிட்டில் வால்டரின் 1952-ஆம் ஆண்டு ‘ஜூக்’ ஈ-யில் இருக்கிறது. அவர் கையில் இருந்தது ஏ. கிட்டாரின் விருப்பமும் மவுத் ஆர்கனின் வசதியும் ஒத்துப்போவதால் சிகாகோ ப்ளூஸில் இந்த இரண்டும் நல்ல ஜோடி.

பாடகரின் குரலே எல்லாவற்றுக்கும் மேலான நீதிபதி. பாட்டில் வரும் மிக உயர்ந்த சுரத்தை முதலில் கண்டுபிடித்து, அதைக் களைப்பின்றி, மூன்றாவது முறையும் அதே பலத்தோடு பாட முடிகிற இடத்தில் வைத்து, அங்கிருந்து ஆதாரத்தைக் கணக்கிடுவதே சரியான முறை. இப்படிக் கிடைக்கும் கீ கிட்டாருக்கு ஒவ்வாததாக இருந்தால், கையின் இடத்தையும் காதில் விழும் சுருதியையும் பிரித்துவிடும் உத்திகள் உண்டு. பாடகருக்கு பி ஃப்ளாட் வேண்டுமானால், எல்லாத் தந்திகளையும் ஒருசேர அழுத்திப் பிடிக்கும் கேப்போவை முதல் ஃப்ரெட்டில் மாட்டி ஏ-யின் விரல்களையே வாசிக்கலாம். வயலின்காரர் தந்தியை முறுக்கிச் செய்ததை இங்கே ஒரு கவ்வி செய்கிறது. கேப்போ கற்றுக்குட்டிகளுக்கானது என்ற இளக்காரம் மின்சாரக் கிட்டார் உலகில் பரவலாக இருக்கிறது. அப்படிச் சொல்பவர்கள் ப்ளூஸ் கிட்டார்காரர் ஆல்பர்ட் காலின்ஸைக் கேட்டதில்லை போலும். அவர் தந்திகளை எஃப் மைனர் கார்டாகச் சுருதி சேர்த்து, கேப்போவைக் கழுத்தின் நடுப்பகுதி வரை ஏற்றி மாட்டி, டெலிகாஸ்டர் மின்சாரக் கிட்டாரைக் கத்தி போல ஒலிக்கச் செய்தவர். மடி வாட்டர்ஸும் கேப்போ போட்டு வாசித்தவர்தான்.

கேப்போவால் சுருதியை ஏற்றத்தான் முடியும். இறக்க வேண்டுமானால் எல்லாத் தந்திகளையும் தளர்த்த வேண்டும். ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் அவருக்குப் பின் ஸ்டீவி ரே வானும் அரைச் சுரம் இறக்கி வாசித்தார்கள். வானின் 1983-ஆம் ஆண்டு ‘பிரைட் அண்ட் ஜாய்’ ஈ-யின் விரல்களால், ஓப்பன் தந்திகள் அதிர அதிர வாசிக்கப்பட்ட ஷஃபிள். காதில் விழுவது ஈ ஃப்ளாட். தந்தியின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கேற்ப மாறுவதால், அரைச் சுரம் இறக்கினால் ஏறக்குறைய 11 சதவீதம் இழுவிசை குறைகிறது. முழுச் சுரம் இறக்கினால் 20 சதவீதத்துக்குச் சற்று மேல். குரலுக்கு ஓய்வு, விரலுக்கும் ஓய்வு. வான் அந்தத் தளர்வை மிகத் தடித்த தந்திகளைப் போட்டு ஈடுகட்டிக்கொண்டார் என்பது தனிக் கதை. ஹெவி மெட்டல் குழுவான பிளாக் சபாத்தின் கிட்டார்காரர் டோனி அயோமிக்கு இது வேறொரு காரணத்தால் தேவைப்பட்டது. தொழிற்சாலை விபத்தில் தந்திகளைப் பிடிக்கும் கையின் இரண்டு விரல்நுனிகளை இழந்த அவர், 1971-இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ தொகுப்பின் பல பாட்டுகளில் மூன்று அரைச் சுரங்கள் இறக்கினார். இழுவிசை கிட்டத்தட்ட 29 சதவீதம் குறைந்தது. இருண்டு கனத்த ஒரு புதிய ஒலியும் கூடவே பிறந்தது.

கண்ணாடிக் குழாயையோ உலோகக் குழாயையோ விரலில் மாட்டித் தந்தியின் மேல் வழுக்கும் ஸ்லைடு வாசிப்பில், கீயைத் தேர்வதும் சுருதி சேர்ப்பதும் ஏறத்தாழ ஒரே வேலை. தந்திகளையே ஒரு கார்டாக அமைத்துவிட்டால் குழாய் எங்கே நின்றாலும் முழுக் கார்டு. டி, ஜி, டி, ஜி, பி, டி என்பது ஓப்பன் ஜி. டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி என்பது ஓப்பன் டி. எல்மோர் ஜேம்ஸ் ஓப்பன் டி-யில் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் குழாயை வைத்து வாசித்த வரி ஸ்லைடு ப்ளூஸின் முத்திரையாகிவிட்டது. டுவேன் ஆல்மன் மட்டும் இதில் சிறிது குறும்பு செய்தார்: 1971-இல் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் பதிவான ‘ஸ்டேட்ஸ்பரோ ப்ளூஸ்’ பாட்டுக்கு ஓப்பன் ஈ-யில் சுருதி சேர்த்து, டி-யில் வாசித்தார். வீடு, அதாவது ஆதார கார்டு, பத்தாம் ஃப்ரெட்டில் அமைந்ததால், அதற்கு இரண்டு ஃப்ரெட் மேலேயும் கீழேயும் தாராளமாக இடம் கிடைத்தது.

ஓப்பன் தந்தியின் பிடியிலிருந்து முழுதாக விடுபட்டவர் பி.பி. கிங். ஊதுகுழல்கள் கொண்ட பெரிய குழுவோடு வாசித்தவர்; கார்டு பிடிப்பதில் நாட்டமில்லாதவர்; பாடும்போது வாசிக்காமல், வாசிக்கும்போது பாடாமல் இருந்தவர். அவருடைய விரல்கள் இரண்டாம் தந்தியில் ஆதார சுரம் விழும் இடத்தை நடுவாக வைத்து ஒரு சிறு கட்டத்துக்குள் இயங்கும். அந்தக் கட்டத்தை எந்தக் கீக்கும் தூக்கிச் செல்லலாம். 1969-இன் ‘த த்ரில் இஸ் கான்’ பி மைனரில் இருக்கிறது. அந்தக் கீயில் கட்டத்தின் நடு பன்னிரண்டாம் ஃப்ரெட், தந்தியின் சரிபாதி. இழுப்பதற்கும் அசைப்பதற்கும் தந்தி மிக இணங்கிக் கொடுக்கும் பகுதி.

ஒரே பாட்டு கைமாறும்போது கீயும் எப்படி மாறுகிறது என்பதை ‘கிராஸ்ரோட்’ பாட்டில் காணலாம். 1936 நவம்பரில் சான் அன்டோனியோவின் ஓட்டல் அறை ஒன்றில் ராபர்ட் ஜான்சன் அதைப் பதிவு செய்தபோது, அவர் ஒருவரே பாடகர், கிட்டார், பேஸ், தாளம் எல்லாம். கார்டாகச் சுருதி சேர்த்த தந்திகள், கேப்போ, ஸ்லைடு. ஒலிப்பதிவில் பாட்டு ஏ-க்கு மேலே, பி-யை ஒட்டி நிற்கிறது. அது அவருடைய உயர்ந்த, இறுகிய குரல் கேட்ட இடம். 1968 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவின் விண்டர்லேண்ட் அரங்கில் கிரீம் குழு அதை வாசித்தபோது மேடையில் மூன்று பேர். ஸ்லைடு இல்லை, வழக்கமான சுருதி, கீ ஏ. எரிக் கிளாப்டனும் ஜாக் புரூஸும் தாழ்ந்த தந்திகளில் சேர்ந்து வாசிக்கும் வரியை ஓப்பன் ஏ தாங்குகிறது. கிளாப்டனின் முதல் தனி வாசிப்பு ஐந்தாம் ஃப்ரெட்டைச் சுற்றி நிதானமாகத் தொடங்குகிறது. இரண்டாவதில் அவர் பதினேழாம் ஃப்ரெட்டுக்கு ஏறிச் சென்று, கீழே புரூஸின் பேஸ் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்க, அதே விரலமைப்பில் அதே சுரங்களை ஒரு ஸ்தாயி மேலே வைத்து இழுக்கிறார்.